கையடக்கக் கன்சோல்கள்: போட்டியை எடைபோடுவதில் நேரும் தவறுகள்

2004 டிசம்பரில் நின்டெண்டோ டிஎஸ், சோனியின் பிஎஸ்பி என்ற இரு கையடக்கக் கன்சோல்களும் (கையில் எடுத்துச் செல்லும் வீடியோ விளையாட்டுக் கருவிகள்) பத்து நாள் இடைவெளியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. இரண்டில் ஒன்றுதான் பிழைக்கும் என்ற பேச்சு உடனே கிளம்பியது. இரண்டுமே பிழைத்தன. ஆனாலும் புதிய கையடக்கக் கன்சோல் வரும்போதெல்லாம் அதே பேச்சு திரும்ப எழுகிறது.

உருவம் ஒத்திருந்தால் வாங்குபவரும் ஒருவரே என்று எண்ணுவதில்தான் கோளாறு தொடங்குகிறது. பிஎஸ்பி அகன்ற திரையையும், டிவி கன்சோலை எட்டிப் பிடிக்கும் காட்சித் தரத்தையும், படம் பார்க்க உதவும் சிறு வட்டையும் நம்பியது. டிஎஸ்ஸோ 2005இல் நாய்க்குட்டி வளர்க்கும் விளையாட்டையும் மூளைப் பயிற்சி விளையாட்டையும் கொண்டுவந்து, கன்சோலையே தொட்டிராத பெரியவர்களைக்கூட ஈர்த்தது. அவர்களில் பலர் பிஎஸ்பியை வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் அல்லர். அதை வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள்.

விற்பனைக் கணக்கை வைத்துத் தோல்விப் பட்டம் கட்டுவதும் சரியல்ல. டிஎஸ் 15.4 கோடி, பிஎஸ்பி சுமார் 8 கோடி. பாதிதானே என்று உதட்டைப் பிதுக்குபவர்கள், நின்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸும் ஏறக்குறைய 8 கோடிதான் விற்றது என்பதை மறந்துவிடுகிறார்கள். அதை யாரும் தோல்வி என்பதில்லை.

அதற்காக, இவற்றுக்குள் போட்டியே கிடையாது என்று எதிர்க்கோடிக்குப் போய்விடவும் கூடாது. 1990இல் வந்த சேகா நிறுவனத்தின் கேம் கியர், நின்டெண்டோவின் முதல் கேம் பாய் குறிவைத்த அதே சிறுவர்களையே குறிவைத்தது. வண்ணத் திரை இருந்தது. ஆனால் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடிய கறுப்புவெள்ளை கேம் பாய்தான் வென்றது. தொழில்நுட்ப அட்டவணையை மட்டும் பார்த்துப் பந்தயம் கட்டியவர்கள் அங்கே ஏமாந்தார்கள்.

மான்ஸ்டர் ஹண்டர் என்ற வேட்டை விளையாட்டுத் தொடரின் கதை இன்னும் சுவையானது. ஜப்பானில் நண்பர்கள் கூடி அமர்ந்து அதை விளையாடுவதற்காகவே பிஎஸ்பி வாங்கியவர்கள் ஏராளம். அந்தத் தொடர் 2011இல் டிஎஸ்ஸின் வாரிசான நின்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கு இடம் மாறியபோது ரசிகர்களும் அதன் பின்னாலேயே போனார்கள். பிஎஸ்பியின் வாரிசான விட்டாவுக்கு அது பலத்த அடி. மற்ற நாடுகளில் அந்த விளையாட்டுக்கு அப்போது அவ்வளவு பிடிப்பு இல்லை. ஆகவே ஒரு நாட்டில் நேருக்கு நேர் மோதும் இரு கருவிகள், இன்னொரு நாட்டில் தத்தம் வழியில் போகக்கூடும்.

நின்டெண்டோவின் ஸ்விட்ச், கணினி விளையாட்டுகளை ஓட்டும் ஸ்டீம் டெக் ஆகிய கையடக்கக் கன்சோல்களின் ஒப்பீடுகளில், யார் எதற்காக வாங்குகிறார் என்பது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. கணினி விளையாட்டுகளை ஏற்கனவே வாங்கிக் குவித்திருப்பவருக்கு 2022இல் வந்த ஸ்டீம் டெக் அவற்றைக் கையில் எடுத்துச் செல்லும் வழி. நின்டெண்டோவின் மரியோ, செல்டா விளையாட்டுகள் வேண்டும் என்பவருக்கு ஸ்விட்ச்தான். இரண்டையும் வைத்திருப்பவர்களும் உண்டு. ஸ்டீம் டெக்கின் உண்மையான எதிராளியைத் தேட வேண்டுமானால், அதே கணினி விளையாட்டுகளை ஓட்டும் ஆசுஸ் நிறுவனத்தின் ராக் அலை (ROG Ally) போன்ற கையடக்கக் கருவிகளைப் பார்க்க வேண்டும். 2023இல் வந்த ப்ளேஸ்டேஷன் போர்ட்டலை இந்த வரிசையில் நிறுத்துவது இன்னும் வேடிக்கை: அறிமுகமானபோது அது சோனியின் டிவி கன்சோலான ப்ளேஸ்டேஷன் 5இல் ஓடும் விளையாட்டை இணைய வழியே வாங்கிக் காட்டும் கருவி மட்டுமே; அந்தக் கன்சோல் இல்லாதவருக்கு அதனால் ஒரு பயனும் இருக்கவில்லை.