கப்பலில் ஏறும் நாளும் மறுநாளும்

முதல் உல்லாசக் கப்பல் பயணத்தில் மாத்திரையையும் மாற்றுத் துணியையும் பெரிய பெட்டியில் வைத்துத் துறைமுகத்திலேயே கொடுத்துவிட்டேன். பெட்டி அறை வாசலுக்கு வரும்போது இரவு எட்டு மணி. அதுவரை அதே வியர்வைச் சட்டைதான். பாஸ்போர்ட், மருந்து, சார்ஜர், ஒரு செட் துணி தோள்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி வேண்டாம், தீ பயத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி. அலுப்புதான், ஆனால் தவிர்க்காதீர்கள். 2012இல் கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதியபோது, அன்று ஏறிய பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. ஏழு குட்டை ஊதல், பிறகு ஒரு நீள ஊதல் கேட்டால், அவசரத்தில் பயணிகள் கூடும் இடத்துக்குப் போக வேண்டும். அறையிலிருந்து அந்த வழியை ஒருமுறை நடந்து பாருங்கள்.

கரை மறையும் முன் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் சிக்னலைப் பிடித்துக்கொண்டால் பில் எகிறும்.

அடுத்தது குமட்டல். கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. டாக்டர் சொன்ன மாத்திரையை முன்கூட்டியே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு பெரிய பயனில்லை. நானோ அறையில் படுத்துப் புத்தகம் படித்தேன், அதைவிட மடத்தனம் இல்லை. அப்புறம் மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தையே அரை மணி நேரம் பார்த்தேன், தலைசுற்றல் அடங்கியது.

சாப்பிடும் முன் சோப்புப் போட்டே கை கழுவுங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸ் கிருமிக்கு சானிடைசர் மட்டும் போதாது.