சில்லறைச் செலவைப் பிடிப்பது எப்படி?

பெரிய பொருள் வாங்கும்போது நாலு இடத்தில் விசாரிக்கிறோம். போகிற போக்கில் வாங்கும் பானம், நொறுக்குத் தீனி எல்லாம் கணக்கிலேயே வருவதில்லை. வாரத்துக்கு 5 நாள் வாங்கும் ஒரு பொருள், ஆண்டுக்கு 260 முறை ஆகிறது. அதன் விலையை 260-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். அப்படி நிறுத்தினால் சீக்கிரமே சலிப்பு வந்து பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுவோம். ஒரு மாதம் எல்லாச் செலவையும் எழுதி வையுங்கள். உண்மையாகவே மகிழ்ச்சி தருவதை வைத்துக்கொண்டு, பழக்கத்தால் மட்டும் வாங்குவதை விடுங்கள். சலிப்பாக இருக்கும்போது கைபேசியில் வாங்குவதுதான் பெரும்பாலும் தேவையில்லாதது. அதைக் கூடையில் போட்டுவிட்டு மறுநாள் பாருங்கள்.

முக்கியமான விஷயம் ஒன்று: வாங்காமல் விட்ட பணத்தை அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். கையிலேயே இருந்தால் வேறு செலவில் கரைந்துவிடும், மிச்சம் பிடித்ததே தெரியாது.

அப்புறம், மாதாமாதம் தானாகக் கழியும் சந்தாக்கள். பயன்படுத்தாத செயலி ஏதாவது இருந்தால் இன்றே ரத்து செய்யுங்கள். செயலியை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது.