கோரையில் பிரிஜித் சிலுவை: பிப்ரவரி 1-ஐ வீட்டில் கொண்டாடும் முறை

அயர்லாந்துத் திருநாள் என்றால் மார்ச் 17, புனித பேட்ரிக் நாள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த நாட்டுக்கு இன்னொரு பாதுகாவலியும் உண்டு: கில்டேரில் மடம் நிறுவிய புனித பிரிஜித். அவர் திருநாள் பிப்ரவரி 1. அங்கே அது வசந்தத்தின் முதல் நாள். 2023 முதல் அவர் பெயரில் அரசு விடுமுறையும் விடுகிறார்கள். (சுவீடன் நாட்டுப் பிரிஜித் வேறொருவர், அவர் திருநாள் ஜூலை 23.)

இந்தத் திருநாளின் உயிர் வீட்டு வாசலில் மாட்டும் கோரைச் சிலுவையில் இருக்கிறது. சாகக் கிடந்த ஒரு தலைவனின் படுக்கையருகே பிரிஜித் உட்கார்ந்திருந்தார். தரையில் கிடந்த கோரையை எடுத்துச் சிலுவையாகப் பின்னிக்கொண்டே கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னார். அவன் மனம் மாறித் திருமுழுக்குப் பெற்றான் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. அக்காலத்தில் அங்கே வீட்டுத் தரையில் கோரையைப் பரப்பி வைப்பார்கள். கோரைப்பாயில் படுத்து வளர்ந்த வடஆற்காட்டுக்காரருக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். காலடியில் கிடந்த புல் செபமாக மாறிய கதை இது. அதனால் இந்தச் சிலுவையைக் கடையில் வாங்கி மாட்டுவதில் பொருளே இல்லை. வீட்டார் கூடிப் பின்ன வேண்டும்.

கோரை ஜனவரி கடைசியில் எளிதாகக் கிடைக்கும். மழைக்காலத்துத் தண்ணீர் ஏரியில் இன்னும் நிற்கும். கரையோரமும் கால்வாய் ஓரமும் கோரை பச்சையாக இருக்கும். முதலில் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள், பாம்பு இருக்கும். அயர்லாந்தில் இதை அரிவாளால் அறுக்காமல் கையால் பிடுங்குவதே மரபு. தண்டின் அடியைப் பிடித்து நேராக மேலே இழுங்கள். கையைத் தண்டின் மேல் வழுக்கவிட்டால் அதன் விளிம்பு விரலைக் கீறும்.

மெல்லிய தண்டுகளாக 35 எடுத்து, தலைப்பூவை நீக்கி 30 செ.மீ. நீளத்துக்கு நறுக்குங்கள். பின்னத் தேவை 29தான். மடிக்கும்போது நாலைந்து உடையும். பறித்த உடனே பின்னாதீர்கள். பச்சைக் கோரை காயும்போது சுருங்கும், பின்னல் தொளதொளத்துப்போகும். ஒரு நாள் நிழலில் வாடவிட்டு, பின்னுவதற்கு அரை மணி முன் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் போதும். காய்ந்த கோரைதான் கிடைத்ததென்றால் தண்ணீரில் ஊறவைத்து, மடித்துப் பாருங்கள். முறியாமல் வளைந்தால் பதம். குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை மடிக்கும் தென்னங்குருத்து இதற்கு ஒத்துவராது. தட்டையாக இருப்பதால் வழுக்கி அவிழும். வைக்கோலில் செய்யலாம், ஆனால் நெல் வைக்கோல் மெல்லியது, இரண்டிரண்டு தாளாகச் சேர்க்க வேண்டும்.

இனி பின்னல். ஒரு கோரையை மடிக்காமல் நிமிர்த்திப் பிடியுங்கள். இரண்டாவதைப் பாதியாக மடித்து, முதல் கோரையின் நடுவில் இடப்பக்கத்திலிருந்து மாட்டுங்கள். மடிப்பு இடப்பக்கம் இருக்கும். இரண்டு முனையும், ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக, வலப்பக்கம் நீளும். நடுவைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மொத்தத்தையும் இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். வலப்பக்கம் நீண்டது இப்போது மேலே வந்திருக்கும். மூன்றாவதை மடித்து, மேலே நிற்கும் அந்தச் சிலுவைக் கையைச் சுற்றி, மறுபடியும் இடமிருந்து வலமாக மாட்டுங்கள். மறுபடி கால் சுற்று. மடி, மாட்டு, இழு, திருப்பு, இவ்வளவுதான். ஒவ்வொரு கைக்கும் 7 கோரை சேரும்போது நடுவில் சாய்சதுரமாகப் பின்னல் தெரியும். குழந்தைகளுக்கு 13 கோரை போதும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஒருமுறை வலப்பக்கம் திருப்பிவிட்டால் ஒரு கை தடித்து இன்னொன்று மெலியும். அதுவரை பிரித்துத்தான் ஆக வேண்டும். புதுக் கோரையை முந்தியதன் பக்கத்தில் ஒட்டி வைக்காமல் அதன் மேலே ஏற்றினால் நடு புடைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் மாட்டியதும் நடுவை நோக்கி இறுக்காமல் விட்டால், கடைசியில் எவ்வளவு இறுக்கினாலும் ஓட்டை மறையாது. கோரையின் அடிப்பாகம் தடி, நுனி மெல்லிசு. தடித்த முனையை ஒருமுறை முன்னே, மறுமுறை பின்னே வையுங்கள்.

கடைசியாகப் பின்னிய கையை முதலில் கட்டுங்கள். விட்டால் அதுதான் அவிழும். முனையிலிருந்து 3 செ.மீ. உள்ளே பருத்தி நூலால் இறுக்கி, மற்ற மூன்றையும் கட்டி, முனைகளைச் சமமாகக் கத்தரியுங்கள். ஒரு வாரம் கழித்து நூலை மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். வேலூர் வெயிலில் காயவைத்தால் நொறுங்கும், நிழல்தான் சரி.

ஜனவரி 31 இரவில் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, ஒரு துணித்துண்டை வெளியே சன்னல் கம்பியில் கட்டிவிடுவது. இரவில் பிரிஜித் வந்து அதை ஆசீர்வதிப்பார் என்று நம்பி, அந்தத் துணியைத் தலைவலிக்கும் நோய்ப்பட்ட மாட்டுக்கும் பயன்படுத்துவார்கள். தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்களே, விடியும்போது துணி நனைந்திருக்கும். இன்னொன்று, வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி கோரைக் கட்டோடு வாசலில் நின்று பிரிஜித்துக்கு வழிவிடும்படி கேட்பது. உள்ளே இருப்பவர்கள் “வாங்கம்மா, வாங்க” என்று அழைப்பது. கூச்சப்பட்டு இதை விட்டுவிடாதீர்கள். குழந்தைகள் மனதில் கடைசிவரை நிற்பது இதுதான்.

பிரிஜித் பால்மாட்டுக்கும் பாதுகாவலி. அதனால் அன்று வெண்ணெய் தாராளமாக இருக்க வேண்டும். அரைக் கிலோ உருளைக்கிழங்கை வேகவைத்துச் சூட்டோடு மசித்து, 100 மி.லி. காய்ச்சிய பாலும் 50 கிராம் வெண்ணெயும் உப்பும் சேருங்கள். ஆறிய கிழங்கை மசித்தால் பசைபோல் இழுக்கும்.

பங்குக் கோவிலில் இதற்குத் தனிப் பூசை கேட்க வேண்டியதில்லை. மறுநாள் பிப்ரவரி 2, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த திருநாள், மெழுகுவர்த்தி மந்திரிப்பார்கள். சிலுவையையும் கொண்டுபோய் சாமியாரிடம் மந்திரித்து வாங்கிக்கொள்ளலாம். மாட்டுவது நிலைவாசலுக்கு உட்புறம், மேலே. மாடு வைத்திருந்தால் கொட்டகைக்கும் ஒன்று பின்னுங்கள். தீயிலிருந்தும் பசியிலிருந்தும் வீட்டைக் காக்கும் என்று நம்பி மாட்டுவது இது. ஆனாலும் காய்ந்த புல் என்பதை மறக்காமல் அடுப்புக்கும் விளக்குக்கும் தள்ளியே வையுங்கள்.

அடுத்த ஆண்டு புதியது வந்ததும் பழையதைக் குப்பையில் போடக்கூடாது. பழைய குருத்தோலையைப் போலவே மண்சட்டியில் எரித்து, சாம்பலைச் செடிக்குப் போட்டுவிடுங்கள்.