ஸ்பூல் ஃபோல்டரில் கை வைக்கும் முன்

மதுரை அண்ணா பேருந்து நிலையம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். புதிதாக வரும் பையன்கள் பேப்பரைத் தலைகீழாக வைப்பதெல்லாம் இரண்டு நாளில் சரியாகிவிடும். பிரிண்ட் கொடுத்ததைக் கணினி அச்சாகும்வரை எழுதி வைக்கும் ஸ்பூல் கோப்பு விஷயத்தில்தான் நான் அன்று செய்த தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள்.

ஒரு ஜாப் சிக்கியதற்கு எல்லாவற்றையும் அழிப்பது

பிரிண்ட் கொடுத்ததும் விண்டோஸ் அதை சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் எழுதி வைக்கும். ஒரு ஜாபுக்கு, அதாவது ஒருமுறை கொடுக்கும் பிரிண்டுக்கு, இரண்டு கோப்புகள்: 00012.எஸ்பிஎல், 00012.எஸ்எச்டி என்பது போல. முதலாவதில் அச்சாக வேண்டிய பக்கங்கள். மற்றதில் யார் கொடுத்தது, எந்தக் கோப்பு, எந்த பிரிண்டர் என்ற விவரம். கடையில் மூன்று பிரிண்டர் இருந்தாலும், நாமாக மாற்றாதவரை, மூன்றுக்கும் இந்த ஒரே ஃபோல்டர்தான். கோப்பின் பெயரில் பிரிண்டர் பெயர் இருக்காது, வெறும் எண்தான்.

போன மாதம் லேசரில் ஒரு ஜாப் 'டெலிட்டிங்' என்றே நின்றது. பையன், விண்டோஸில் பிரிண்ட் வரிசையைக் கவனிக்கும் ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தினான். அதுவரை சரி. அப்புறம் ஃபோல்டரில் இருந்த அத்தனையையும் அழித்துவிட்டான். கலர் பிரிண்டரில் பேப்பருக்காகக் காத்திருந்த, உசிலம்பட்டி ஐயா ஒருவரின் 60 பக்கப் பத்திர ஸ்கேனும் அதோடு போனது. பென்டிரைவை அவர் மகன் ஊருக்கு எடுத்துப் போய்விட்டார். சாயங்காலம் வந்த ஐயா, "அப்ப நாளைக்கும் வரணுமா தம்பி?" என்றார். நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

சர்வீஸை நிறுத்தியதும் நேரத்தையும் அளவையும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் எஸ்எச்டி கோப்பை நோட்பேடில் திறங்கள். புரியாத குறிகளுக்கு நடுவே ஆவணத்தின் பெயர் எழுத்தெழுத்தாகத் தெரியும். அந்த ஜோடியை மட்டும் வேறு இடத்துக்கு நகர்த்துங்கள், அழிக்காதீர்கள். சர்வீஸைத் தொடங்கினால் மற்ற ஜாப்கள் தாமாக வரிசைக்கு வந்துவிடும்.

ஸ்பூல் ஃபோல்டரையே அழிப்பது

உள்ளே டிரைவர்களும் இருக்கின்றன. தொடாதீர்கள்.

பிரிண்டரை அணைத்துப் போடுவது

ஜாப் இருப்பது கணினியில். பிரிண்டரை அணைத்தால் அது போகாது.

அச்சானதையும் வைத்திருக்கும் டிக்

பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் 'கீப் பிரிண்டட் டாக்குமென்ட்ஸ்' டிக் இருந்தால் அச்சான கோப்புகள் அங்கேயே தங்கும். டிஸ்க் நிரம்புவதைவிட, ஊரார் ஆதார் நகல் நம் கணினியில் கிடப்பதுதான் பெரிய தப்பு.

லினக்ஸில் பழைய கோப்பைப் பார்த்துப் பதறுவது

லினக்ஸில் பிரிண்ட் வேலையைப் பார்க்கும் மென்பொருளான கப்ஸில் 'சி' எழுத்தில் தொடங்குவது விவரக் கோப்பு, 'டி' எழுத்தில் தொடங்குவது பக்கங்கள். அச்சான பிறகும் 'சி' கோப்பு வரலாறாக நிற்கும். அது சிக்கிய ஜாப் இல்லை. உண்மையிலேயே சிக்கியிருந்தால் அந்த ஜாபின் எண்ணைக் கொடுத்து 'கேன்சல்' கட்டளை போட்டால் போதும்.