குலுக்கினால் எரியும் விளக்கு: காந்தமும் காப்பர் கம்பியும் வைத்து கரண்ட் எடுக்கலாம்

கொங்குப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தச் செய்முறையில் ஒரு வசதி உண்டு. இதற்கு வேண்டிய முக்கியமான பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. கிணற்று மோட்டாரும் போர் மோட்டாரும் ஓடுகிற ஊரில் மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் கடை இல்லாமல் இருக்காது. அங்கே போய் வைண்டிங் கம்பி கேளுங்கள். "எத்தனை கேஜுங்க வேணும்?" என்பார்கள். 36 கேஜ், 50 கிராம் போதும். கேஜ் எண் கூடக் கூட கம்பி மெல்லியது என்பதை நினைவில் வையுங்கள். போர் மோட்டாருக்குப் போடுகிற, மேலே பிளாஸ்டிக் உறை போட்ட தடிமனான கம்பி நமக்கு ஆகாது. சீலிங் ஃபேன் கட்டுகிற கம்பி என்று கேட்டால் சரியானதை எடுத்துத் தருவார்கள்.

அப்புறம், எலக்ட்ரிக் வேலைக்குப் போடும் 20 மி.மீ. பிவிசி குழாயில் ஒரு சாண் துண்டு. 15 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள நியோடிமியம் காந்த வில்லைகள் நான்கு. சிவப்பு எல்இடி இரண்டு. உப்புத்தாள், இன்சுலேஷன் டேப், கொஞ்சம் ஸ்பாஞ்ச், கெட்டி அட்டை. பழைய ஸ்பீக்கரில் இருக்கும் வளையக் காந்தம் இந்தக் குழாய்க்குள் போகாது, அதைக் கழற்றி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

நியோடிமியம் காந்தத்தைச் சின்னக் குழந்தைகள் கையில் தரவே கூடாது. இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஓட்டை போட்டுவிடும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் இதைக் கையில் எடுக்க வேண்டாம்.

காயில் கட்டுவது

குழாயின் நடுவில் 2 செ.மீ. இடம் விட்டு, இரண்டு பக்கமும் அட்டையில் வெட்டிய வட்டங்களைச் சுவர்போல ஒட்டுங்கள். கம்பி சரிந்து போகாமல் இருக்க இது வேண்டும். ஆரம்பத்தில் ஒரு சாண் கம்பியை வெளியே தொங்க விட்டு, டேப் போட்டுப் பிடித்துவிட்டுச் சுற்ற ஆரம்பியுங்கள். 800 முதல் 1000 சுற்று வர வேண்டும். ஒவ்வொரு நூறுக்கும் ஒரு தாளில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பாதியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை போய்விடும்.

மூன்று விஷயம் முக்கியம். எந்தத் திசையில் ஆரம்பித்தீர்களோ, கடைசி வரை அதே திசை. வலப்பக்கம் பாதி, இடப்பக்கம் பாதி சுற்றினால் ஒன்று தருவதை இன்னொன்று அழித்துவிடும். கம்பியை முறுக்காகப் பிடியுங்கள், ஆனால் இழுக்காதீர்கள், 36 கேஜ் கம்பி சட்டென்று அறுந்துவிடும். அறுந்தால் பயப்பட வேண்டாம், இரண்டு முனையையும் சுரண்டி முறுக்கி, மேலே டேப் சுற்றிவிட்டுத் தொடருங்கள். முடிவிலும் ஒரு சாண் விட்டு நறுக்குங்கள்.

இனி சுரண்டும் வேலை. பத்துப் பேரிடம் இது எரியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். வைண்டிங் கம்பி பார்ப்பதற்கு வெறும் செம்பு மாதிரி இருக்கும். உண்மையில் மேலே எனாமல் பூச்சு உண்டு. அந்தப் பூச்சு இருப்பதால்தான் ஆயிரம் சுற்றும் ஒன்றோடு ஒன்று ஒட்டி இருந்தும் ஷார்ட் ஆவதில்லை. ஆனால் அதே பூச்சு முனையில் இருந்தால் கரண்ட் வெளியே வராது. இரண்டு முனையிலும் 2 செ.மீ. நீளத்துக்கு, எல்லாப் பக்கமும், பளிச்சென்று செம்பு நிறம் தெரியும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு முனைக்கும் நடுவே ஓம் (கம்பியின் மின்தடை அளவு) பாருங்கள். ஆயிரம் சுற்றுக்கு ஏறக்குறைய 40, 50 ஓம் காட்ட வேண்டும். எதுவும் காட்டவில்லை என்றால் சுரண்டியது போதவில்லை, அல்லது உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது.

மாட்டுவதும் குலுக்குவதும்

இரண்டு எல்இடியையும் எதிரெதிராகச் சேருங்கள்: ஒன்றின் நீளக் காலோடு மற்றதன் குட்டைக் கால். இந்த இரண்டு சந்திப்பிலும் காயிலின் முனைகளை முறுக்கி டேப் போடுங்கள். தனியாக ரெசிஸ்டர் தேவையில்லை, காயிலின் தடையே போதும். நான்கு காந்தத்தையும் ஒட்டவைத்து ஒரே கட்டையாகக் குழாய்க்குள் போட்டு, இரண்டு வாயிலும் ஸ்பாஞ்ச் வைத்து அடைத்துவிடுங்கள். ஸ்பாஞ்ச் இல்லாவிட்டால் காந்தம் மோதி உடைந்துவிடும்.

அறை விளக்கை அணைத்துவிட்டு வேகமாகக் குலுக்குங்கள். எல்இடிகள் மாறி மாறி மின்னும்.

காந்தத்தைக் காயிலுக்கு நடுவில் நிறுத்திப் பாருங்கள். ஒன்றும் எரியாது. எவ்வளவு வலுவான காந்தமாக இருந்தாலும், சும்மா இருந்தால் கரண்ட் கிடையாது. காயிலுக்குள் போகும் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தது இதைத்தான். வேகமாக மாறினால் வோல்ட் அதிகம், சுற்று கூடினாலும் அதிகம். சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் அளவுக்கு வேண்டும். மெதுவாக ஆட்டினால் எரியாததற்கு அதுதான் காரணம்.

ஏன் இரண்டும் மாறி மாறி மின்னுகின்றன? காந்தம் காயிலுக்குள் நுழையும்போது கரண்ட் ஒரு பக்கம் ஓடும், வெளியேறும்போது எதிர்ப்பக்கம் ஓடும். ஏசி கரண்ட் என்பது இதுதான். நம் வீட்டுக்கு வருவதும் இதே வகை, நொடிக்கு 50 சுழற்சி.

காந்தமே கரண்ட் தருகிறதா?

காந்தத்தை ஃபேன் பக்கத்தில் வைத்தாலே பல்பு எரிகிற வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் பொய். விவசாய மோட்டாருக்கு இலவச மின்சாரம் உண்டு, இயற்பியலில் கிடையாது. நம் எல்இடிக்கு வந்த கரண்ட் உங்கள் கை கொடுத்தது. காந்தம் நடுவில் நின்று மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

சோதிக்க வேண்டுமா? அந்தக் காந்தம் தாராளமாக உள்ளே போகும் அளவில், தடிமனான ஒரு அலுமினியக் குழாயை எடுத்துச் செங்குத்தாகப் பிடித்து, மேலிருந்து காந்தத்தைப் போடுங்கள். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆனாலும் காந்தம் மெதுவாக, தயங்கித் தயங்கித்தான் இறங்கும். நகரும் காந்தம் குழாயில் கரண்ட்டை உண்டாக்க, அந்தக் கரண்ட் காந்தத்தைத் தடுக்கிறது. கரண்ட் எடுத்தால் தள்ளுவது கடினமாகும், இதற்கு விலக்கே இல்லை.

ஆகவே பெரிய அளவில் கரண்ட் வேண்டுமானால் சலிக்காமல் தள்ள ஆள் வேண்டும். 1932-இல் நீலகிரியின் பைக்காராவில் உற்பத்தி தொடங்கியபோது மலையிலிருந்து விழுந்த தண்ணீர் தள்ளியது, அந்தக் கரண்ட் கோவை மில்களை ஓட்டியது. பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகளைத் தள்ளுவது பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. ஆனைமலையில் கடம்பாறை மின்நிலையம் இன்னும் சுவாரஸ்யம்: 400 மெகாவாட் திறன், ஒரே எந்திரம் மோட்டாராகச் சுற்றித் தண்ணீரை மேலே ஏற்றும், தேவை கூடும்போது அதே தண்ணீர் இறங்கி அதையே ஜெனரேட்டராகச் சுற்றும். ஏற்ற ஆகும் கரண்ட்டை விட இறங்கும்போது கிடைப்பது குறைவுதான்.

இதைக் கேட்டுவிட்டு தோட்டத்து மோட்டாரைக் கையால் சுற்றிப் பார்க்காதீர்கள். அதில் நிரந்தரக் காந்தம் இல்லை, ஒன்றும் வராது. பழைய சைக்கிள் டைனமோ கிடைத்தால் பிரித்துப் பாருங்கள், அதில் நடுவில் காந்தம் சுழலும், சுற்றிலும் காயில் இருக்கும்.

மின்னாமல் நிலையாக எரிய வேண்டும் என்றால் கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற ஷாட்கி டயோட் (ஒன் என் 5819) நான்கு வாங்கி, எந்தப் பக்கம் வரும் கரண்ட்டையும் ஒரே பக்கமாகத் திருப்பும் பிரிட்ஜ் இணைப்புப் போட்டு, பின்னால் கரண்ட்டைச் சேர்த்து வைக்கும் 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் வையுங்கள். அதில் ஒரே ஒரு எல்இடி போதும். கெப்பாசிட்டரில் கோடு போட்ட பக்கம் மைனஸ், மாற்றி மாட்டிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் குலுக்கிவிட்டு நிறுத்தினால், அணைவதற்கு முன் சிறிது நேரம் தானாக எரியும்.