கோபோலில் செர்ச் போடும் முன் இண்டெக்ஸைப் பாருங்கள்

கோபோல் என்ற நிரல் மொழியில் அட்டவணையை வரிசையாகத் தேட செர்ச் கட்டளை இருக்கிறது. அது எப்போதும் முதல் வரியிலிருந்தே தொடங்கும் என்று நம்பிவிடாதீர்கள். இண்டெக்ஸ், அதாவது எந்த வரி என்று காட்டும் எண், அப்போது எதில் நிற்கிறதோ, அங்கிருந்துதான் தேடும். முந்தைய தேடல் 37ஆம் வரியில் முடிந்திருந்தால், அடுத்த தேடல் முதல் 36 வரிகளை எட்டிக்கூடப் பார்க்காது. 12ஆம் வரியில் இருக்கும் ஊழியர் எண்ணைத் தேடினால் தேடியது கிடைக்காதபோது ஓடும் அட் எண்ட் பகுதிக்கு நேராகப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் எரிச்சல். ஒவ்வொரு செர்ச்சுக்கும் நேர் மேலேயே செட் கட்டளையால் இண்டெக்ஸை 1 ஆக்கிவிடுங்கள்.

இதே குணம் சில சமயம் கைகொடுக்கும். ஒரே துறை எண் பல வரிகளில் இருந்தால், ஒன்று கிடைத்ததும் இண்டெக்ஸில் 1 கூட்டி மறுபடி செர்ச் கொடுங்கள், அடுத்தது வரும்.

அட்டவணைக்கு எத்தனை வரி என்பதை அக்கர்ஸ் 500 என்று அறிவித்து 120 வரிகளே நிரப்பியிருந்தால், செர்ச் காலி வரிகளையும் துழாவும். நிரம்பிய வரிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் டிபெண்டிங் ஆன் சேர்த்தால் நிரம்பியதோடு நிற்கும்.

ஒவ்வொரு சுற்றிலும் பாதி வரிகளை ஒதுக்கித் தேடும் செர்ச் ஆல் வேகமானதுதான். 1,000 வரிகளை அதிகபட்சம் 10 சுற்றில் முடித்துவிடும். ஆனால் அட்டவணை வரிசைப்படுத்தி இருக்க வேண்டும். கலைந்து கிடந்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. இருபது முப்பது வரிகளுக்குச் சாதா செர்ச்சே போதும்.