எலி வேட்டை: வளையைப் பார்க்காமல் கடப்பாரையைத் தூக்காதீர்கள்

சம்பா அறுப்பு முடிந்து தாள் காய்கிற தை மாதத்தில், காவேரிப்பாக்கத்திலிருந்து ஆற்காடு, அணைக்கட்டு வரை எந்தக் கழனிக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை ஒரே காட்சிதான். நாலு பையன்கள், ஒரு கடப்பாரை, ஒரு கோணிப்பை, கூடவே ஒரு நாய். இரண்டு மணி நேரம் தோண்டிய பிறகு பையில் ஒரு சுண்டெலி இருக்கும். வரப்பில் ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குப் பள்ளம் இருக்கும். இன்று நன்றாகப் பிடிப்பவர்களும் பழகிய புதிதில் இதையேதான் செய்தார்கள். வெயிலில் தொப்பி போடு, கையில் தண்ணீர் வைத்துக்கொள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம். எலி வேட்டையில் வழக்கமாக நடக்கும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எலியோடு சேர்த்து மற்றதையும் பிடிப்பது

தோண்டும்போது முயல் எழுந்து ஓடும், கவுதாரி பறக்கும், உடும்பு தலை காட்டும். கை துறுதுறுக்கும். இவை எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை; சொந்தப் பட்டா நிலத்தில் பிடித்தாலும் வழக்குதான். எலியும் சுண்டெலியும் அந்தச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில், பாதுகாப்பு இல்லாத தொல்லை விலங்குகளாக இருந்தவை. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுபட்டது. முயலுக்கோ உடும்புக்கோ அதனால் எந்தச் சலுகையும் வந்துவிடவில்லை. ஜவ்வாது மலை அடிவாரத்திலும் பேரணாம்பட்டுப் பக்கமும் கழனியை ஒட்டியே காப்புக்காடு வரும். எலியைத் துரத்திக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டினால், பையில் இருப்பது எலிதான் என்று வனத்துறையிடம் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

வளையைப் பார்க்காமல் தோண்டுவது

எரிச்சலைக் கிளப்பும் தவறு இதுதான். கழனியில் தெரிகிற ஓட்டை எல்லாம் எலி வளை இல்லை. எலி வளை எல்லாவற்றிலும் எலி இருப்பதும் இல்லை. கடப்பாரை போடுவதற்கு முன்னால் அரை மணி நேரம் வரப்பைச் சுற்றி நடக்கப் பொறுமை இல்லாதவர்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

நெல் கழனி வரப்பில் பெரும்பாலும் இருப்பது கரம்பை எலி. வாசலருகே பொடிப்பொடியான புது மண் குவிந்திருக்கும். பல சமயம் வாசலே மண்ணால் அடைபட்டிருக்கும். உள்ளே இருந்து எலியே அடைத்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் அடைபட்ட வாசலைப் பார்த்து ‘பழைய வளை’ என்று விட்டுவிட்டு, திறந்து கிடக்கிற நண்டு வளையைத் தோண்டப் போவார்கள். நண்டு வளை தண்ணீர் ஓரமாக இருக்கும். வாசலில் ஈர மண் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். வாய் வழவழப்பாகத் தேய்ந்து, புது மண்ணே இல்லாமல் இருக்கிற வளையில் பாம்பு குடியிருக்கலாம். சட்டை உரித்திருந்தால் சந்தேகமே வேண்டாம், நகர்ந்துவிடுங்கள்.

செம்மண் கொல்லையில், மல்லாட்டை (நிலக்கடலை) போட்ட மேட்டில் இருப்பது வெள்ளெலி. வயிறு வெளுப்பு, வால் நுனியில் ரோமக் குச்சம். அதன் தந்திரம் வேறு. தப்பிக்க ஒரு கிளை வழி போட்டு, அதை மண்பரப்புக்குச் சில விரல்கடை கீழேயே நிறுத்தி வைத்திருக்கும். மேலே இருந்து பார்த்தால் ஓட்டையே தெரியாது. வாசல் எல்லாவற்றையும் அடைத்தாயிற்று என்று நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது, பத்தடி தள்ளி மண்ணைப் பிளந்துகொண்டு கிளம்பிவிடும். அதனால் கொல்லையில் தோண்டும்போது ஒருவர் தோண்டவும் ஒருவர் சுற்றிலும் பார்த்து நிற்கவும் வேண்டும். எல்லோரும் குனிந்து குழியையே பார்த்துக்கொண்டிருப்பது வேலைக்கு ஆகாது.

விரல் மட்டும் நுழையும் ஓட்டை சுண்டெலியுடையது. அதற்காக வரப்பை வெட்டாதீர்கள்.

வளையில் ஆள் இருக்கிறதா என்பதை முந்தின நாள் சாயங்காலமே சோதித்துவிடலாம். திறந்திருக்கும் வாய்களை ஈர மண்ணால் லேசாக அடைத்து வையுங்கள். விடிந்ததும் எது திறந்திருக்கிறதோ அதில் எலி உண்டு. கரம்பை எலிக்கு இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். அது அடைத்து வைத்ததைக் குச்சியால் திறந்துவிட்டு வாருங்கள். காலையில் மறுபடி அடைபட்டிருந்தால் உள்ளேதான் இருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதி உழைப்பை மிச்சப்படுத்தும்.

காலையில் முதல் வேலை வாசல்களை எண்ணுவது. வரப்பின் இரண்டு பக்கமும் புல்லை விலக்கிப் பாருங்கள். மண் குவியல் இருப்பது முன்வாசல். குவியல் இல்லாமல் புல்லுக்குள் ஒளிந்திருப்பது ஓடுவதற்கான வாசல். ஓடும் வாசல்களை எல்லாம் ஈர மண்ணை உருட்டித் திணித்து, குதிகாலால் மிதித்து அடையுங்கள். ஒன்றை மட்டும் விட்டு, அதில் வலையையோ கோணிப்பையின் வாயையோ பிடிக்கலாம்.

பிறகு வளைந்து கொடுக்கும் மூங்கில் சிம்பு ஒன்றை முன்வாசலில் விட்டு, வழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். சிம்பு முட்டி நிற்கும் இடத்துக்கு மேலே சின்னக் குழி வெட்டி வழியைப் பிடியுங்கள். அங்கிருந்து மறுபடி சிம்பு. வாசலிலிருந்து கால்வாய் மாதிரி நீளமாக வெட்டிக்கொண்டு போவதுதான் வரப்பைக் கொல்லும் பழக்கம். வழி இரண்டாகப் பிரிந்தால், தோண்டாத கிளையை உடனே மண் வைத்து அடையுங்கள்.

பெரும்பாலானவர்கள் ஏமாறும் இடம் இனிமேல்தான். மூன்றாவது, நாலாவது குழியில் வழி ‘முடிந்துவிடும்’. சிம்பு போகாது, எதிரே மண் சுவர். பையன்கள் மூட்டை கட்டிவிட்டு அடுத்த வரப்புக்குப் போய்விடுவார்கள். அந்தச் சுவரை விரலால் அழுத்திப் பாருங்கள். சுற்றியுள்ள மண் இறுகலாக இருக்க, அந்த இடம் மட்டும் பொலபொலவென்று உதிர்ந்தால், எலி உங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டே பின்னால் மண்ணைத் தள்ளி அடைத்திருக்கிறது. இன்னும் ஒரு முழத்தில் அதுவோ, புல் மெத்தையோ, நெல் சேர்த்த அறையோ கிடைக்கும். விட்டுப் போவது அங்கேதான்.

பிடித்தாயிற்று. இனி வரப்பு. பாலாற்றில் வருஷத்தின் பெரும்பகுதி மணலைத்தான் பார்க்கிறோம்; ஏரித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்தான் அடுத்த நவரைப் பட்டத்துக்கு. வெட்டின மண்ணைக் காலால் தள்ளி மூடிவிட்டுப் போனால், மேலே பார்க்க வரப்பு மாதிரி இருக்கும். மோட்டார் போட்ட அன்றைக்கு உள்ளே மிச்சமிருக்கும் வளை வழியாகத் தண்ணீர் ஊடுருவி, விடிவதற்குள் பக்கத்துக் கழனிக்குப் போய்விடும். இரண்டு வீட்டுக்கும் சண்டை. அடுத்த வருஷம் எலி வேட்டை என்று வருகிற எவனையும் நிலக்காரர் வரப்பில் ஏற விடமாட்டார். ஆகவே, தோண்டாமல் விட்ட கிளைகளையும் திறந்து மண் திணியுங்கள். குழியை ஒரேயடியாக மூடாமல், அரை அடி மண் போட்டு, தண்ணீர் தெளித்து, மிதித்து, அதன் மேல் அடுத்த அரை அடி என்று ஏற்றுங்கள். தோண்ட ஒரு மணி நேரம் என்றால் மூட அரை மணி நேரமாவது வேண்டும். அந்த நேரம் இல்லையென்றால் அந்த வளையைத் தொடாதீர்கள்.

ஏரிக்கரையில் தோண்டுவது

கூடவே கூடாது.

மருந்து வைத்த கழனியில் பிடித்துச் சாப்பிடுவது

நிலக்காரரிடம் ‘பிடிக்கலாமா’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘மருந்து வைத்தீர்களா, என்றைக்கு, என்ன மருந்து’ என்று கேளுங்கள். பக்கத்துக் கழனிக்காரரிடமும் அதையே கேளுங்கள். எலி வரப்புத் தகராறு பார்ப்பதில்லை.

ஜிங்க் பாஸ்பைடு என்பது கருஞ்சாம்பல் நிறத் தூள். வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகும். முறிவு மருந்து கிடையாது. இதைத் தின்ற எலி சீக்கிரம் சாகும், அதனால் ஓரளவு சந்தேகம் வரும். புரோமாடியோலோன் கட்டிதான் ஏமாற்றும். அது ரத்தம் உறையாமல் செய்யும் மருந்து. தின்ற எலி சில நாள் வரை சாதாரணமாகவே ஓடும், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. மருந்து அதன் ஈரலில் தங்கியிருக்கும். வேக வைத்தாலும் சுட்டாலும் போய்விடாது. நாய்க்குப் போட்டாலும், ஆந்தை தூக்கிப் போனாலும் அதே கதி. செத்துக் கிடக்கும் எலியையும், பகலில் தள்ளாடும் எலியையும் பையில் போடாதீர்கள். ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். மருந்து வைத்தது உறுதியானால் அந்தப் பட்டத்துக்கு அந்தக் கழனியை விட்டுவிடுங்கள்.

தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எங்கேயோ வாங்கி வந்து வளையில் போடுகிறவர்களும் உண்டு. அதைப் பொதுமக்களுக்கு விற்கவே அனுமதி இல்லை. ஈர மண்ணில் அது கிளப்பும் வாயு எலியையும் ஆளையும் பிரித்துப் பார்க்காது.

புகைச்சட்டியை வாயால் ஊதுவது

இருளர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த முறை இது: அடியில் ஓட்டை போட்ட மண்சட்டியில் வைக்கோலைத் திணித்துக் கொளுத்தி, சட்டி வாயை வளை வாசலில் பொருத்தி, ஓட்டை வழியாக ஊதுவது. எலி மூச்சுத் திணறிச் சுருண்டுவிடும். ஊதியவர்கள் உதடும் கையும் வெந்து, நெஞ்சில் புகை ஏறி, ஆயுசுக்கும் இருமினார்கள். அதைப் பார்த்துத்தான் 2000-களின் தொடக்கத்தில் கையால் சுற்றும் விசிறி வைத்த இரும்புப் புகைக்கருவி வந்தது. கருவி இருக்கும்போது, வீடியோவில் பார்த்த மண்சட்டியை வாயில் வைத்து ஊதுவது வீரம் இல்லை.

புகை போடும்போது இன்னொரு வேலையும் சேர்ந்து நடக்கும். எங்கெங்கே புகை கசிகிறதோ அங்கெல்லாம் நீங்கள் பார்க்கத் தவறிய வாசல் இருக்கிறது. கசிய கசிய அடைத்துக்கொண்டே போங்கள். காய்ந்த தாள் நிற்கும் கழனியில் புகைக்கருவியைச் சுற்றி இரண்டு முழத்துக்குத் தாளைச் செதுக்கிவிட்டு, ஒரு குடம் தண்ணீரும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

வளைக்குள் கையை விடுவது

எலி வளைக்குள் நாகமும் கண்ணாடி விரியனும் போகும், எலிக்காகவே போகும். சிம்பை விடுங்கள், கையை விடாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், ஆளை நடக்க விடாமல் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ, பக்கத்தில் விஷமுறிவு ஊசி உள்ள இடத்துக்கோ நேராகப் போங்கள். பாம்பைப் பிடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை.

நாயை முன்னால் விடுவது

நாய் பின்னால்தான்.

கதிர் வந்தபின் கிட்டி வைப்பது

மூங்கில் வில்லும் கயிறும் வைத்த தஞ்சாவூர்க் கிட்டி இன்றைக்கும் நல்ல பொறி. ஆனால் தலைக்கு மேல் நெல் தொங்கும்போது கிட்டியில் இருக்கும் நாலு நெல்லுக்கு எந்த எலியும் வராது. நட்ட சில வாரத்திலிருந்து தொண்டைக்கதிர் வரை, அதாவது கதிர் வெளியே வருவதற்கு முன்னால் வரை, வையுங்கள். எலியின் சினைக்காலம் சுமார் மூன்று வாரம்தான். கதிர் பருவத்தில் குட்டி போட இருந்த ஒரு பெட்டையை முன்னாலேயே எடுப்பது, அறுப்புக்குப் பின் ஒரு குடும்பத்தைத் தோண்டி எடுப்பதற்குச் சமம். வரப்போரத்தில் எலி நடந்து தேய்ந்த தடத்தில் சாயங்காலம் வைத்து, விடியற்காலையில் எடுத்துவிட வேண்டும். வைத்த கிட்டிகளை எண்ணி வையுங்கள். எடுக்க மறந்தது களை எடுக்க வருகிறவரின் விரலில் விழும்.

எலிக்கு மின்கம்பி இழுப்பது

அது வேட்டை இல்லை. ராத்திரி தண்ணீர் கட்டப் போகிற பக்கத்துக் கழனிக்காரரைக் கொல்வது.

பிடித்த எலியைத் தோளில் போட்டு வருவது

செத்த எலியின் உடம்பு ஆறியதும் தெள்ளுப்பூச்சி வேறு உடம்பைத் தேடும். பையைக் குச்சியில் மாட்டித் தூக்குங்கள். எலியைப் பையில் உயிரோடு துடிக்க விடாமல் தலையில் ஒரே அடியாக அடித்துப் போடுங்கள், கடியிலிருந்தும் தப்பலாம். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, டாக்டரிடம் காட்டுங்கள். கையில் வெட்டுக்காயம் இருக்கிறவர் குடல் எடுக்கும் வேலைக்கு வேண்டாம். குடலை வாய்க்காலில் வீசாமல் புதைத்துவிடுங்கள்.

காய்ச்சல் வந்தால் எலியைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது

கூச்சத்தால் பலரும் செய்வது. எலி மூத்திரம் கலந்த ஈர மண் காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தொடங்கும். கெண்டைக்காலில் வலி பிடுங்கும், கண் சிவக்கும். இன்னொன்று வேலூர்ப் பக்கத்துக்கு நன்றாகப் பழக்கமான ஸ்க்ரப் டைபஸ். எலி நடமாடும் புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குஞ்சு கடிப்பதால் வருவது. மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில், அதாவது வேட்டைக் காலத்திலேயே, அதிகம். கடித்த இடம் வலிக்காது, அரிக்காது. சிகரெட்டால் சுட்டது மாதிரி கறுத்த பொருக்கு ஒன்று அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, இடுப்பில் அரைஞாண் கயிறு படும் இடத்திலோ ஒளிந்திருக்கும். காய்ச்சல் வந்த அன்றே கண்ணாடி முன் நின்று அந்த இடங்களைத் தேடிப் பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்; எந்தக் கழனியில் எத்தனை நாளைக்கு முன் தோண்டினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.